ஆட்டுக்கல்லும் அஞ்சு கேவி ஜெனரேட்டரும்

கஜா புயல் சொல்லாமல் வந்தது என்று நான் குறை சொல்ல முடியாது. நாலைந்து நாளாக டிவியில் அதே பேச்சுதான். 2018 நவம்பர் 15, வியாழக்கிழமை சாயங்காலம் மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர் டேங்கை நிரப்பினேன். போன்களுக்குச் சார்ஜ் ஏற்றினேன். மெழுகுவர்த்தி இரண்டு பாக்கெட் வாங்கினேன். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் கூட ஊற்றி வைத்தேன். நமக்கு என்ன குறை என்று சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அந்த ஏற்பாடெல்லாம் சேர்ந்து இரண்டரை நாளைக்குத்தான் வந்தது. எங்கள் தெருவுக்குக் கரண்ட் திரும்பியது டிசம்பர் 8-ஆம் தேதி ராத்திரி.

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைக்கும் பேராவூரணிக்கும் நடுவில் இருக்கிறது. சுற்றிலும் தென்னந்தோப்பு, அதற்கு நடுவில் வீடுகள். நான் பட்டுக்கோட்டையில் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டில் ஆறு பேர். நான், மனைவி, பத்தாவது படித்த மகள், ஐந்தாவது படித்த மகன், சர்க்கரைக்கு இன்சுலின் போடும் அம்மா, அப்புறம் எண்பதைத் தாண்டிய அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா.

புயல் அடித்த ராத்திரியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முதலில் வடக்கிலிருந்து அடித்தது. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. முடிந்தது என்று கதவைத் திறந்து பார்த்தவர்கள் உண்டு. பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடித்தது. விடிந்து வெளியே வந்தால் வானம் பெரிதாக இருந்தது. தென்னை மரங்கள் இல்லாததால் அப்படித் தெரிந்தது. அந்த மரங்கள் விழுந்த இடத்திலெல்லாம் கம்பியும் கம்பமும் கூடவே கிடந்தன. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று அந்த ஒரு ராத்திரியில் சாய்ந்த மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் என்று பின்னால் கணக்குச் சொன்னார்கள்.

அன்றைக்கு அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இன்வெர்ட்டரை அப்படிச் செலவழித்திருக்க மாட்டேன்.

அந்த இன்வெர்ட்டர் 2012-ல் வாங்கியது. தமிழ்நாட்டில் ஊர்ப்பக்கம் தினமும் பத்து, பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல் கிடந்த காலம் ஞாபகம் இருக்கும். அந்தக் காலம் எங்களுக்கு ஒரு தப்பான பாடம் சொல்லிக் கொடுத்துவிட்டது. இரண்டு மணி நேரம் போகும், ஒரு மணி நேரம் வரும், அந்த ஒரு மணி நேரத்தில் பேட்டரி ஏறிக்கொள்ளும். ஆக, இன்வெர்ட்டர் இருந்தால் போதும் என்று பழகிவிட்டோம். இன்வெர்ட்டர் என்பது கரண்டைக் கைமாற்றாக வாங்கி வைத்துக்கொள்கிற பெட்டி. கொடுக்கிறவனே படுத்துவிட்டால் பெட்டியில் இருப்பது மட்டும்தான். புயல் ராத்திரி பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று இரண்டு டியூப்லைட்டைப் போட்டு வைத்தேன். மறுநாள் ராத்திரி கொசு பிடுங்கியது, இரண்டு ஃபேனை ஓடவிட்டேன். 17-ஆம் தேதி விடியற்காலை ஒரு மணிக்கு இன்வெர்ட்டர் பீப் பீப் என்று கத்தி அடங்கியது.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாதாரண சீலிங் ஃபேன் ஒன்று 75 வாட். எல்இடி பல்பு ஒன்று 9 வாட். ஒரு ஃபேன் ஒரு மணி நேரம் ஓடுவதை நிறுத்தினால் ஒரு பல்பு எட்டு மணி நேரம் எரியும். இரண்டு பல்போடு நிறுத்தியிருந்தால் அதே பேட்டரி ஒரு வாரம் வந்திருக்கும். உண்மையிலேயே வந்தது. பத்து நாள் கழித்துத் தஞ்சாவூரில் கரண்ட் இருந்த உறவினர் வீட்டுக்கு வேனில் பேட்டரியை அனுப்பி, ஒரு நாள் முழுக்கச் சார்ஜ் ஏற்றி வாங்கினோம். சாயங்காலம் ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை இரண்டு பல்பு, கூடவே போன் சார்ஜ். அவ்வளவுதான். வேலை முடிந்ததும் இன்வெர்ட்டர் சுவிட்சையே அணைத்துவிட வேண்டும். ஒன்றும் ஓடாவிட்டாலும் அது சும்மா கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். ஒரு வாரத்துக்கு மேலேயே வந்தது.

ஆனால் வெளிச்சம் ஒரு பிரச்சினையே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் கரண்ட் போகும் என்றதும் நாம் எல்லாரும் ஓடிப்போய் மெழுகுவர்த்திதான் வாங்குகிறோம். இருட்டுக்கு அரிக்கேன் லைட் போதும், அகல் விளக்கு போதும், சீக்கிரம் சாப்பிட்டுப் படுத்தால் அதுகூட வேண்டாம். எங்களை உட்கார வைத்தது தண்ணீர்.

எங்கள் பக்கம் எல்லாமே போர்வெல். ஆழத்தில் சப்மெர்சிபிள் மோட்டார் கிடக்கிறது. ஊராட்சி டேங்குக்கும் அதேதான். அடிபம்பு என்று ஒன்று பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்தது, கைப்பிடி போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆயிரம் லிட்டர் என்றால் நிறைய என்று தோன்றும். ஆறு பேர் வழக்கம்போலக் குழாயைத் திறந்து குளித்து, கக்கூஸில் ஃப்ளஷை அழுத்திக்கொண்டிருந்தால் மூன்றாம் நாள் காலையில் குழாய் காற்று விடும். ஃப்ளஷ் டேங்க் ஒரு அழுத்துக்குப் பத்து லிட்டர் இழுக்கிறது. எங்கள் வீட்டில் இருந்தது அந்தப் பழைய மாடல். முதல் நாளே அதன் வால்வை மூடிவிட்டு, வாளியும் மக்கும் வைத்திருக்க வேண்டும். குழாயைத் திறக்கிற பழக்கத்தை விட்டு, காலையில் ஒருவர் மட்டும் வாளியில் பிடித்துப் பங்கு பிரிக்க வேண்டும். கையால் தூக்கி வைக்கும் தண்ணீரை யாரும் வீணாக்குவதில்லை.

மூன்றாம் நாள் லோடு ஆட்டோவில் ஜெனரேட்டர் ஏற்றிக்கொண்டு ஒருவர் தெருவுக்குள் வந்தார். டேங்குக்கு 200 ரூபாய். எங்கள் மோட்டார் ஒன்றரை எச்.பி. அவர் கொண்டுவந்தது கல்யாண வீட்டில் லைட் போடுகிற சின்னப் பெட்ரோல் ஜெனரேட்டர். ஸ்டார்ட்டரை அழுத்தினதும் மோட்டார் "ம்ம்ம்" என்று முனகியது, ஜெனரேட்டர் திணறி நின்றுவிட்டது. இரண்டு தடவை முயற்சி செய்தார். மூன்றாவது தடவை நான் வேண்டாம் என்றேன், மோட்டார் காயில் போய்விட்டால் அதைத் தூக்க ஆளும் கிடையாது, கரண்டும் கிடையாது. ஓடும்போது ஒரு கிலோவாட் கேட்கிற மோட்டார், கிளம்பும்போது அதைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். ஒன்றரை எச்.பி. மோட்டாருக்கு அஞ்சு கேவி (கேவிஏ என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) ஜெனரேட்டராவது வேண்டும். மறுநாள் அப்படி ஒன்று வந்தது. நாற்பது நிமிஷம் ஓடியது. அந்த நாற்பது நிமிஷத்தில் நிறைந்தது டேங்க் மட்டும் இல்லை. அண்டா, குண்டான், இட்லிச் சட்டி, பிள்ளைகள் குளிக்கிற டப், மழைக்கு வாங்கிய நீலப் பிளாஸ்டிக் பீப்பாய் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து மனைவி நிரப்பினாள். ஜெனரேட்டர்காரர், "அக்கா, இது அண்டா கணக்கு, டேங்க் கணக்குல வராது" என்றார். "அண்டாவுல மோட்டார் ஓடுதா, எல்லாம் ஒரே மோட்டார்தானே தம்பி" என்றாள். அவர் சிரித்துவிட்டு 200-ஐ மட்டும் வாங்கிக்கொண்டார்.

அப்பாயிதான் கிணற்றை ஞாபகப்படுத்தியது. பழைய வீட்டின் கொல்லையில் ஒரு கேணி. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அதில்தான் குளிப்போம். போர் போட்ட பிறகு கீற்றைப் போட்டு மூடி, அதன் மேல் குப்பை கொட்டி, ஒரு பூசணிக்கொடி கூடப் படர்ந்திருந்தது. நாங்கள் ஐந்து பேர் ஒரு நாள் முழுக்க அதைத் திறந்து சுத்தம் செய்தோம். முதலில் எரிகிற அகல் விளக்கை வாளியில் வைத்துக் கயிற்றில் உள்ளே இறக்கச் சொன்னது அப்பாயி. விளக்கு அணைந்தால் உள்ளே காற்று சரியில்லை, யாரும் இறங்கக்கூடாது. எங்களுக்கு அது அணையவில்லை. ஆனாலும் யாரும் இறங்க வேண்டாம் என்று முடிவு செய்து, மேலிருந்தே பாதாளக்கொலுசு (கயிற்றில் கட்டி இறக்குகிற இரும்புக் கொக்கி) போட்டுக் குப்பையை எடுத்தோம். மூடிக் கிடந்த கிணற்றுக்குள் விஷவாயுவில் செத்தவர்கள் கதை எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் ஒன்று தெரியும்.

சகடை துருப்பிடித்துச் சுற்றவில்லை, தேங்காயெண்ணெய் விட்டதும் சுற்றியது. ஐம்பது வாளி இறைத்துக் கொட்டிய பிறகு வந்த தண்ணீரைத் துணிக்கும் கக்கூஸுக்கும் வைத்துக்கொண்டோம். அதற்குப் பிறகு டேங்க் தண்ணீர் நாலு நாள், ஐந்து நாள் என்று நீண்டது. குடிக்கிறதுக்குப் போர் தண்ணீரைத்தான் காய்ச்சிக் குடித்தோம். ஒரு நாள் அதுவும் தீர்ந்து, கேணித் தண்ணீரைக் காய்ச்ச வேண்டி வந்தது. கலங்கலாக இருந்தது. அப்பாயி எங்கிருந்தோ ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்து, பானையின் உள்பக்கம் தண்ணீர் விட்டு உரசித் தேய்த்து, அதில் தண்ணீரை ஊற்றி மூடியது. விடியற்காலையில் மண்ணெல்லாம் அடியில் உட்கார்ந்திருந்தது. தெளிந்த தண்ணீர் வேறு, சுத்தமான தண்ணீர் வேறு என்பதால் அதையும் கொதிக்க வைத்தோம். கேஸ் சிலிண்டர் ஒன்று கூடுதலாக இருந்தது நாங்கள் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று.

அம்மாவின் இன்சுலின்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஃப்ரிட்ஜில் திறக்காத இரண்டு குப்பி, திறந்த ஒரு குப்பி. பக்கத்து வீட்டில் யாரோ ஐஸ் வாங்கி அதற்குள் புதைத்து வைக்கச் சொன்னார்கள். நல்லவேளை, செய்யவில்லை. மருந்துக்கடைக்காரரைத் தேடிப் போய்க் கேட்டேன். ஐஸில் பட்டு உறைந்துவிட்டால் அந்த மருந்து வீண், திரும்ப இளகினாலும் போடக்கூடாது என்றார். முப்பது டிகிரிக்குள் வெயில் படாமல் இருந்தால் பொதுவாக நாலு வாரம் வரை வெளியே தாங்கும், ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுத்த தேதியைக் குப்பி மேல் எழுதி வை என்றார். ஒரு அகலமான மண்சட்டியில் மணலைப் போட்டு நனைத்து, அதன் நடுவில் சின்ன மண்கலயம் ஒன்றை இறக்கி, குப்பிகளை டப்பாவில் போட்டுக் கலயத்துக்குள் வைத்து ஈரத்துணியால் மூடினோம். காற்றோட்டமான இடத்தில் வைத்து, காலையிலும் மாலையிலும் மணலுக்குத் தண்ணீர் தெளித்தால் போதும். கார்த்திகை மாதம் என்பதால் தப்பித்தோம். சித்திரையில் இப்படி நடந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்னும் யோசிக்கிறேன்.

ஃப்ரிட்ஜைப் பற்றி ஒரு வரி. இரண்டாம் நாளே மொத்தத்தையும் எடுத்துச் சமைத்துவிட்டு, துடைத்து, கதவைத் திறந்தே வைத்துவிடுங்கள். கரண்ட் வந்துவிடும் என்று மூடி வைத்த எதிர்வீட்டு ஃப்ரிட்ஜை ஒரு வாரம் கழித்துத் திறந்தபோது தெருவே மூக்கைப் பிடித்தது.

அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த மிக்சி, கிரைண்டர், ஃபேன் மூன்றும் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. அவை வந்த பிறகு ஆட்டுக்கல் கோழிக்குத் தண்ணீர் வைக்கிற தொட்டியாகிவிட்டது, குழவி எங்கே என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் அது மாட்டுக்கொட்டகைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. கல்லைக் கழுவி, கொஞ்சம் தவிட்டைப் போட்டு ஆட்டி எறிந்துவிட்டு, பிறகு அரிசி போட்டார்கள். என் மகள் பத்து நிமிஷம் ஆட்டிவிட்டு உள்ளங்கையைக் காட்டினாள், கொப்புளம். "குழவியைப் பிடிக்காதே, சும்மா தள்ளு, அதுவே சுத்தும்" என்றது அப்பாயி. எண்பது வயதுக் கை ஒன்று மாவைத் தள்ளிக் கொடுக்க, பதினைந்து வயதுக் கை ஒன்று சுற்றியது. ஃப்ரிட்ஜ் இல்லாமல் மாவு ஒரு நாளில் புளித்துவிடும் என்பதால் அன்றைக்கு அரைத்தது அன்றைக்கும் மறுநாள் காலைக்கும்தான். வாரத்தில் இரண்டு நாள் இட்லி. மற்ற நாளெல்லாம் கஞ்சி, புளிச்சோறு, ரசம், தேங்காய்த் துவையல். தேங்காய்க்கு மட்டும் பஞ்சமே இல்லை. அதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. ஒரே ராத்திரியில் விழுந்த இருபது வருஷத்து மரங்களின் காய்.

போனைப் பொறுத்தவரை, இரண்டாம் நாளே டவர்கள் படுத்துவிட்டன. சிக்னல் இல்லாத இடத்தில் போன் அதைத் தேடித் தேடியே சார்ஜைத் தின்றுவிடும், ஃபிளைட் மோடில் போட வேண்டும் என்பதை எங்களுக்குச் சொன்னது ஐந்தாவது படிக்கிற பையன்தான். மெயின் ரோட்டில் ஒரு கடையில் ஜெனரேட்டர் வைத்துப் போனுக்கு 20 ரூபாய் வாங்கிச் சார்ஜ் போட்டார்கள். ஒரே மாதிரிக் கறுப்புப் போன் முப்பது வரிசையாகக் கிடக்கும். பேரை எழுதி ஒட்டாமல் கொடுத்தால் நம் போன் ஊர் சுற்றிவிட்டு வரும். டிராக்டர் வைத்திருந்தவர்கள் பேட்டரியிலிருந்து கார் சார்ஜரைப் போட்டு ஏற்றிக்கொண்டார்கள், இதற்குக் காசு இல்லை.

எங்கள் தெருவில் பாதி வீட்டுக்கு ஆள் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ இருக்கிறார்கள். என் தம்பியும் சிங்கப்பூரில்தான். டிவியில் படத்தைப் பார்த்துவிட்டு, இங்கே யார் போனும் எடுக்காமல் அவர்கள் பட்ட பாடு தனிக்கதை. நாலாம் நாள் தஞ்சாவூருக்கு பைக்கில் கிளம்பிய ஒருவரிடம், நோட்டுத்தாளில் பதினான்கு நம்பரும் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு வரியும் எழுதிக் கொடுத்தோம். "எல்லாரும் நல்லா இருக்கோம், கூரை மட்டும் போச்சு." "மாடு ரெண்டு செத்துடுச்சு, அப்பாவுக்கு ஒண்ணும் இல்ல." அவர் ஒரத்தநாடு தாண்டி சிக்னல் கிடைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி, பதினான்கு பேருக்கும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். நம்பர்கள் போனுக்குள் மட்டும் இருந்தால் இது நடந்திருக்காது. இப்போது எங்கள் வீட்டுக் காலண்டருக்குப் பின்னால் ஒரு அட்டையில் முக்கியமான நம்பர்கள் எழுதித் தொங்குகின்றன.

ஏடிஎம் ஓடாது, பெட்ரோல் பங்கில் கார்டு தேய்க்க முடியாது. கையில் இருக்கும் நோட்டுதான் பணம். அதிலும் ஐந்நூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தால் சில்லறை இல்லை என்பார்கள். பத்தும் ஐம்பதும் நூறுமாக ஒரு மூவாயிரம் ரூபாயாவது வீட்டில் இருக்கட்டும். மளிகைக் கடைக்காரர் பழைய கணக்கு நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டதால் எங்கள் தெரு பிழைத்தது.

நவம்பர் 23 கார்த்திகை தீபம். பௌர்ணமியும் அன்றைக்குத்தான். மகள் வழக்கம்போல வாசலெல்லாம் விளக்கு வைக்கப் போனாள். அப்பாயி தடுத்துவிட்டது: "மூணு போதும். எண்ணெயை நாளைக்கு வையி." மூன்று அகல் வைத்தோம். அன்றைக்கு ராத்திரி முற்றம் முழுக்க நிலா வெளிச்சம். எங்கள் முற்றத்தில் அவ்வளவு நிலா விழுந்து நான் பார்த்ததில்லை. எப்போதும் தோப்பு மறைத்துக்கொள்ளும்.

கரண்ட் ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று முதல் வாரம் எல்லாரும் கோபமாக இருந்தோம். பக்கத்து ஊருக்கு வந்துவிட்டதே என்று சாலையில் உட்காரவும் பேச்சு நடந்தது. கம்பம் நட வந்த ஒரு லைன்மேன்தான் டீ குடித்துக்கொண்டே விளக்கினார். முதலில் சப் ஸ்டேஷன் எழ வேண்டும். அங்கிருந்து வரும் ஹெச்டி லைனில், அதாவது உயர் அழுத்தக் கம்பியில், ஒரு கம்பம் குறைந்தாலும் அதற்குப் பிறகு இருக்கிற ஊர் எதற்கும் வராது. அப்புறம் டிரான்ஸ்பார்மர். அப்புறம் தெரு லைன். கடைசியில் வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயர். நாங்கள் அந்த வரிசையின் வால். கம்பம் நட வந்தவர்கள் வெளி மாவட்டத்திலிருந்து வந்திருந்தார்கள். கேரளாவிலிருந்து வந்த குழுக்களும் இந்தப் பக்கம் வேலை செய்தன. பள்ளிக்கூடத் தரையில் படுத்து, கிடைத்ததைச் சாப்பிட்டு, மழையிலும் வேலை பார்த்தார்கள். தோப்புக்குள் கிரேன் வராது. கம்பத்தை நாங்கள் பன்னிரண்டு பேர் கயிறு கட்டித் தோளில் தூக்கிப் போனோம். நாலரை அடிக் குழியை ஊர்ப் பையன்கள் வெட்டினார்கள். சாப்பாடு தெருவுக்கு ஒரு நாள் முறை.

ஒரு நாள் அந்த லைன்மேன் கத்தியதை மறக்க முடியாது. செத்துக் கிடக்கிற லைன்தான், ஆனாலும் கை வைப்பதற்கு முன், கம்பியில் கரண்ட் இருந்தால் அதைத் தரைக்கு இறக்கிவிடுகிற நீளமான எர்த் ராடைக் கம்பியில் மாட்டினார். பொறி பறந்தது. அடுத்த தெருவில் ஒருவர் ஜெனரேட்டர் வயரை வீட்டு பிளக் பாயின்ட்டிலேயே சொருகியிருந்தார். மெயின் சுவிட்சை அணைக்கவில்லை. அந்தக் கரண்ட் வீட்டு வழியாகத் திரும்பித் தெருக் கம்பிக்குப் போயிருக்கிறது. "எனக்கும் ரெண்டு பிள்ள இருக்கு சார்" என்று லைன்மேன் சொன்னபோது யாரும் வாயைத் திறக்கவில்லை. ஜெனரேட்டரை நேராக மோட்டாரிலோ தனி வயரிலோ மாட்டுங்கள். வீட்டு ஒயரிங்கில் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் எலக்ட்ரீஷியனை வைத்து, தெரு லைன் அல்லது ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு சேர்க்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடாமல் கொடுக்காதீர்கள். அப்புறம், ஜெனரேட்டர் எப்போதும் வீட்டுக்கு வெளியே, ஜன்னலை விட்டுத் தள்ளித்தான் இருக்க வேண்டும். அதன் புகை ஆளைக் கொல்லும்.

டிசம்பர் 8, சனிக்கிழமை ராத்திரி ஏழே முக்காலுக்குக் கரண்ட் வந்தது. டிவி, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் முன்பே பிடுங்கி வைத்திருந்தேன், புது லைனில் வோல்டேஜ் எப்படி வரும் என்று சொல்ல முடியாது. ஹாலில் ஒரு பல்பு மட்டும் எரிந்தது. தெருவே "ஓ" என்று கத்தியது. அடுத்த நிமிஷம் எல்லாரும் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டோம். பல்பு மங்கி, சிவந்து, டிரான்ஸ்பார்மர் பக்கம் "டப்" என்றது. பியூஸ் போய்விட்டது.

லைன்மேன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். திட்டவில்லை. பியூஸைப் போட்டுவிட்டு, "ஒவ்வொரு வீடா போடுங்க, அரை மணி நேரம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். கிழக்குக் கடைசியிலிருந்து முறை வைத்தோம். எங்கள் வீட்டு மோட்டார் ஓடியபோது மணி பதினொன்று. டேங்கில் தண்ணீர் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். உள்ளேயிருந்து அப்பாயி கூப்பிட்டது:

"அந்த லைட்ட அமத்துடா. கண்ணு கூசுது."